கிஸ்தியும் இஎம்ஐயும்

"ஊருல கொஞ்சம் நிலம் வாங்கிக் குத்தகைக்கு விடலாமா, இல்ல டவுன்ல ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?" சென்னையிலிருந்து போன் பண்றவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. எவ்வளவு வரும்னு எல்லாரும் கேக்குறாங்க. வராத மாசம் என்ன பண்றதுன்னு யாரும் கேக்குறதில்லை. ஆனா எங்க டெல்டா பக்கம் நிலத்தை வாடகைக்கு விட்ட வரலாறு பூரா அந்த இரண்டாவது கேள்வியைச் சுத்தித்தான் ஓடியிருக்கு.

பழைய சொற்களையே பாருங்க. வாரம்னா விளைச்சலைப் பங்கு போடுறது. வெள்ளம் வந்தா ரெண்டு பேருக்கும் குறையும். குத்தகைன்னா இத்தனை மூட்டைன்னு முன்னாடியே பேசிடுறது. விளைஞ்சாலும் விளையாட்டியும் அளந்தாகணும். நஷ்டம் உழுதவன் தலையில். ஒத்தின்னா நிலக்காரர் மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கிட்டு நிலத்தை அனுபவிக்கக் கொடுக்குறது. வட்டிக்குப் பதிலா விளைச்சல். முதலைத் திருப்பினாதான் நிலம் திரும்பும். சென்னையில 'லீசுக்கு வீடு'ன்னு சொல்றது கிட்டத்தட்ட இந்த ஒத்தியோட தம்பிதான்.

அடுத்து வெள்ளைக்காரன் காலம். 1792-க்குப் பிறகு பாரமகாலில் (இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் தொடங்கிய ரயத்துவாரி முறை, 1820-ல் மன்றோ சென்னை கவர்னர் ஆன பிறகு மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. விவசாயி பேரில் பட்டா, அவரே நேரா சர்க்காருக்குக் கிஸ்தி. அதுவும் பணமா. மழை பொய்த்தால் தள்ளுபடி கிடைக்கலாம். அது அதிகாரி மனசைப் பொறுத்தது. கிடைக்காதவங்க கடன்காரர் வீட்டு வாசலுக்குப் போனாங்க.

கிஸ்தின்னாலே தவணைன்னுதான் அர்த்தம். இஎம்ஐயும் மாசத் தவணைதானே! வயல் காய்ஞ்சது கிஸ்திக்குத் தெரியாது; வீடு காலியா கிடக்குறது இஎம்ஐக்குத் தெரியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு சண்டை பங்கைப் பத்தி. 1952-ல் ராஜாஜி ஆட்சியில் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வாரதாரருக்கு 40 சதவீதம்னு வெச்சது. 1955-ல் சாகுபடிதாரரை நினைச்சபடி வெளியேத்த முடியாதுன்னு சட்டம். 1956-ல் நியாய வாரச் சட்டம் கணக்கையே திருப்பிப் போட்டது: நன்செயில் நிலக்காரருக்கு 40, உழுதவருக்கு 60. பின்னாளில் நிலக்காரர் பங்கு 25 சதவீதமா இறங்கியது.

உழுதவருக்கு இது பெரிய காவல். ஆனா பயந்த நிலக்காரங்க நிறைய பேர் எழுதிக் கொடுக்குறதையே நிறுத்திட்டாங்க. எங்க ஊர்ல இன்னைக்கும் பாதி குத்தகை வாய்ப்பேச்சுதான். வெள்ளத்துல பயிர் அழுகினா நிவாரணத்துக்குக் காகிதம் கேக்குறாங்க. நட்டவன் கையில காகிதமே இல்லை.

நகரத்திலும் இதே கதை நடந்தது. 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவரைக் காத்தது. காலி பண்ண மாட்டாங்களோன்னு பயந்து வீட்டைப் பூட்டியே வெச்சவங்களும் உண்டு. 11 மாச ஒப்பந்தத்துக்குக் காரணம் வேறே: ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைப் பதிவு செய்யணும்னு 1908 பதிவுச் சட்டம் சொல்லுது. 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுது.

அதனால முதல் வீடு வாங்கப் போறவங்க ரெண்டு காரியம் பண்ணுங்க. வாடகை வராத நாலஞ்சு மாசத் தவணையைத் தனியா எடுத்து வெச்சுட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க. குடிவர்றவங்களோட பேசினதை எழுதிப் பதிவு பண்ணுங்க. மோட்டார் ரிப்பேர், சுண்ணாம்பு அடிக்கிற செலவு யாருதுங்குறது வரைக்கும். லீசுக்கு விட்டா, வாங்குற மொத்தத் தொகை திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதை வெச்சு இன்னொரு மனை வாங்கிடாதீங்க. ஒத்தி வெச்ச வயலை மீட்க முடியாமலே போன குடும்பங்கள் எங்க தெருவிலேயே இருக்கு.