பாமாலையும் கீர்த்தனையும்: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

அரிமளத்திலிருந்து பேசுகிறேன். போன மாசம் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் புதுக்கோட்டையில் ஒரு சர்ச்சுக்குப் போயிருந்தேன். கையில் ரெண்டு பாட்டுப் புத்தகம் கொடுத்தாங்க. ஒண்ணு பாமாலை, இன்னொண்ணு கீர்த்தனை. பாமாலைக்கு ஆர்கன் வாசிச்சாங்க. கீர்த்தனை ஆரம்பிச்சதும் தபேலா சேர்ந்துக்கிட்டது. ஒரே சாமிக்கு எதுக்கு ரெண்டு விதமான பாட்டு? அந்தக் கதைதான் இன்னைக்கு.

1702-ல் ஜெர்மனியில் ஹாலே நகரத்துச் சர்ச் ஒன்றில் 17 வயசுப் பையன் ஆர்கன் வாசிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். பேரு ஹாண்டெல். கிறிஸ்துமஸுக்குப் பாடுகிற அல்லேலூயா கோரஸை எழுதியவர். அவர் 1703-ல் ஊரை விட்டுக் கிளம்பினார். அதே வருஷம் அங்கே படிக்க வந்தவர் சீகன்பால்க். 1706-ல் அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஹாலேயின் பக்திப் பாட்டுகளும் கூடவே வந்தன.

மிஷனரிகள் அவற்றைத் தமிழாக்கி, அதே ஜெர்மன் மெட்டில் பாட வைத்தார்கள். சிக்கல் அங்கேதான். மெட்டு நீளும் இடத்தில் தமிழில் குறில் வரும். குறுகும் இடத்தில் நெடில் வரும். எதுகை மோனைக்குப் பழகின காதுக்கு அது ஒட்டவில்லை.

1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் இங்கேதான் வருகிறார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. சிறுவனாக இருந்தபோதே ஸ்வார்ட்ஸ் ஐயர் இவரைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தார். அதே ஐயரிடம் படித்த இன்னொருவர், பின்னாளில் ராஜாவான இரண்டாம் சரபோஜி.

சாஸ்திரியார் ஆர்கன் வாசித்தவர் இல்லை. ஹாலேயில் ஆர்கன் செய்த வேலையை இவர் கும்மி, அம்மானை, குறவஞ்சி மாதிரியான நம்ம ஊர் வடிவங்களை வைத்துச் செய்தார். 1800-ல் எழுதிய 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாருங்க. குற்றாலக் குறவஞ்சியில் நாயகி சிவன் மேல் காதல் கொள்வாள். இதில் சீயோன் மகள் தேவமோகினி கிறிஸ்துவுக்காக ஏங்குகிறாள். குறத்தி வேதாகமத்தை வைத்துக் குறி சொல்கிறாள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற வானசாஸ்திரம்கூட அதில் உண்டு!

1820-களில் புதிய மிஷனரிகள் வந்தார்கள். கோயிலில் சாதி பார்க்காமல் சேர்ந்து உட்காருங்கள், ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுங்கள் என்றார்கள். தமிழ்ப் பாட்டும் மேளமும் ஆராதனையில் வேண்டாம் என்றும் சொன்னார்கள். சாஸ்திரியார் ரெண்டையும் எதிர்த்தார். பாட்டு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. சாதி விஷயத்தில் அவர் நின்றது தப்பான பக்கம். ரெண்டும் பண்பாடுதான் என்று அவர் நினைத்தார். அவர் பாட்டை ரசிக்கிறோம் என்பதற்காக நாம் இதை மறைக்கக் கூடாது.

அந்தச் சண்டையில் அவருக்குச் சபை வேலை போனது. கை கொடுத்தவர் பழைய சாலைத் தோழர் சரபோஜி. கிறிஸ்தவப் புலவர் ஒருவர் இந்து ராஜாவின் அரசவையில் இடம் பெற்றார். 1832-ல் சரபோஜி இறந்ததும் அந்த ஆதரவும் தளர்ந்தது. சாஸ்திரியார் ஊர் ஊராகப் போய்க் கதாகாலட்சேபம் போலப் பாடிப் பிரசங்கம் செய்தார்.

பாட்டு மட்டும் ஜெயித்தது. 1853-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப், தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைக்காகவே அச்சிட்டார். சாஸ்திரியார் பாட்டுகளும் அதில் இருந்தன. ஒரு காலத்தில் வேண்டாம் என்ற பாட்டு, அவர் கண் முன்னாலேயே புத்தகமாகி கோயிலுக்குள் வந்தது. 1864-ல் அவர் காலமானார்.

கல்யாணத்தில் என் கையில் இருந்த ரெண்டு புத்தகத்துக்கும் காரணம் இதுதான். ஒன்று ஹாலேயிலிருந்து வந்த வழி, இன்னொன்று தஞ்சாவூர் வழி. அடுத்த தடவை ஏதாவது ஒரு சர்ச்சில் ஆர்கன் நின்று தபேலா தொடங்கினால், இவரை நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.