மட்டக்களப்பில் இரண்டு நாட்கள்: எங்கே போகலாம், எதைத் தவறவிடக்கூடாது?

புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: இரண்டே நாளில் பிள்ளைகளுக்கு மட்டக்களப்பை எப்படிக் காட்டுவது? பாசிக்குடாவை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள் என்பேன். இரண்டு நாளையும் வாவிக்கே கொடுங்கள்.

முதல் நாள்: புளியந்தீவும் கல்லடியும்

காலையில் கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். நீண்டகாலம் கச்சேரி இயங்கியதும் இதற்குள்தான். பின்னர் காந்தி பூங்காவில் வாவிக்கரையோரம் நடக்கலாம். நகருக்குள்ளேயே சீயோன் தேவாலயம் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் சிறுவர்கள் உட்படப் பலர் பலியான இடம்.

மாலையில் கல்லடிப் பாலத்தை நடந்தே கடவுங்கள். அக்கரையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி. முழுநிலவு இரவென்றால் தோணியில் போய், நீருக்குள் விட்ட துடுப்பின் மறுமுனையில் காதை வையுங்கள். அலையில்லாவிட்டால் பாடும் மீன் கேட்கலாம்.

இரண்டாம் நாள்: படுவான்கரை

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை இங்கே மக்கள் 'பாதை' எனப்படும் மிதவையில்தான் வாவியைக் கடந்தார்கள். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, மகிழடித்தீவு நினைவுத்தூபியருகே சற்று நில்லுங்கள். 1987 ஜனவரியில் இறால் பண்ணைப் படுகொலையிலும் 1991 ஜூன் படுகொலையிலும் இறந்த மக்களுக்கானது அது. திரும்பும் வழியில் சட்டித் தயிர் வாங்கலாம்.

நான் பார்த்த சுற்றுலாப் பிரசுரங்களில் கோட்டை இருக்கிறது. இந்தத் தூபி இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளையும் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள்.