காவல்துறை இழப்பீடும் மேல்முறையீட்டுத் தடையும்: ஒரு நடைமுறை விதியின் வரலாறு

விபத்து இழப்பீட்டைக் கட்டத் தவறிய அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தை, பேருந்து நிலையத்துக்கே வந்து நீதிமன்ற அமீனா ஜப்தி செய்தார் என்ற செய்தி தமிழ்நாட்டு நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிப்போனது. பயணிகளை இறக்கிவிட்டு, வண்டியை நீதிமன்ற வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதன் பிறகு கழகம் காசோலையோடு வரும். காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்தவரின் குடும்பத்துக்கு நீதிமன்றம் விதித்த தொகை வரவில்லை என்பதற்காக ஸ்டேஷன் ஜீப்பை ஜப்தி செய்ததாகச் செய்தி படிப்பது அரிது. இரண்டும் கடைசியில் மக்கள் வரிப்பணம்தான். ஆனால் போக்குவரத்துக் கழகம் கம்பெனியாகப் பதிவான நிறுவனம். காவல்துறையோ அரசின் அங்கம். சட்டம் இந்த இரு கடனாளிகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

காவல்துறை அத்துமீறலுக்கு அரசு இழப்பீடு தர வேண்டுமா என்ற கேள்வியைப் பற்றி நம் சட்ட இலக்கியத்தில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். எப்போது தர வேண்டும் என்ற கேள்வி அரசமைப்புச் சட்டப் பாடங்களில் வருவதில்லை. அது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 41, கட்டளை 27 என்ற வறண்ட பக்கங்களுக்குள் கிடக்கிறது. முதல் கேள்வியில் குடிமக்கள் வென்ற பிறகும் இரண்டாவது கேள்விக்குப் பிரிட்டிஷ் இந்தியாவின் விடையே நீடிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொறுப்பு பற்றிய கதையை ஒரு குதிரையிலிருந்து தொடங்குவது வழக்கம். கல்கத்தா கிதர்பூர் அரசுக் கப்பல் பட்டறை ஆட்கள் சாலையில் இரும்பைத் தூக்கிச் சென்றபோது அதைக் கீழே போட்டார்கள். பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை மிரண்டு காயப்பட்டது. கம்பெனி கேட்டது ரூ.350. தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீக்காக் 1861இல் அதைத் தரச் சொன்னார். ஆனால் வணிகர் செய்வது போன்ற வேலைக்கு மட்டுமே அரசு பொறுப்பு, இறையாண்மை அதிகாரத்தில் செய்ததற்குப் பொறுப்பில்லை என்று கோடும் போட்டார். சென்னை உயர்நீதிமன்றம் 1882இல் ஹரி பான்ஜி வழக்கில் இவ்வளவு அகலமான விலக்கை ஏற்க மறுத்தது. அந்தச் சென்னைக் குரல் எடுபடவில்லை என்பது நம் சட்ட வரலாற்றின் துரதிர்ஷ்டங்களுள் ஒன்று.

அதன் விலையைக் கொடுத்தவர் அமிர்தசரசின் தங்க வியாபாரி ஒருவர். 1947 செப்டம்பரில் மீரட் வந்து இறங்கியவரைக் காவலர்கள் பிடித்து, கையிலிருந்த 103 தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தையும் வெள்ளியையும் பறிமுதல் செய்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது, பின்னர் வெள்ளியும் திரும்பி வந்தது. தங்கம் வரவில்லை. மால்கானா எனப்படும் காவல் நிலையப் பொருள் காப்பறைக்குப் பொறுப்பாக இருந்த தலைமைக் காவலர் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். விசாரணை நீதிமன்றம் சுமார் ரூ.11,000க்கு டிக்ரி கொடுத்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது, அலகாபாத் உயர்நீதிமன்றம் டிக்ரியை ரத்து செய்தது. கைது செய்வதும் பொருளைப் பறிமுதல் செய்வதும் இறையாண்மைச் செயல்கள் என்று 1964 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கஸ்தூரிலால் வழக்கு என்று மாணவர்கள் படிப்பது இதைத்தான். தீர்ப்பெழுதிய கஜேந்திரகட்கர், இந்த நிலையை மாற்றச் சட்டம் இயற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சட்ட ஆணையம் 1956இல் தந்த முதல் அறிக்கையே இது பற்றியதுதான். 1960களில் வந்த மசோதாக்கள் சட்டமாகாமலே காலாவதியாயின. இங்கிலாந்து தன் அரசுக்கிருந்த விலக்கை 1947லேயே பெருமளவு கைவிட்டிருந்தது. நாம் அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை அணிந்துகொண்டிருந்தோம்.

இந்த வழக்கில் பலரும் கவனிக்காமல் போகும் இடம், டிக்ரிக்கும் ரத்துக்கும் இடைப்பட்ட காலம். அந்தக் காலத்துக்கான விதிகள் 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் தெளிவாக இருக்கின்றன. மேல்முறையீடு செய்துவிட்டதாலேயே டிக்ரி நின்றுவிடாது என்கிறது கட்டளை 41, விதி 5. தடையாணை வேண்டுபவர், தடை இல்லாவிட்டால் தனக்குக் கணிசமான இழப்பு வரும் என்று காட்ட வேண்டும், தாமதமின்றி வர வேண்டும், பிணையும் கொடுக்க வேண்டும். சாதாரணக் கடனாளிக்கு இவ்வளவும் பொருந்தும். அரசுக்கோ மூன்று அனுகூலங்கள் உண்டு.

முதலாவது பிரிவு 82. அரசுக்கு எதிரான டிக்ரியை மூன்று மாதம் நிறைவேற்ற முடியாது. முதலில் அந்த மூன்று மாதமும் நீதிமன்றம் அரசுக்கு அறிக்கை அனுப்பிய நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். 1976 திருத்தம் அதை டிக்ரி நாளிலிருந்து என்று மாற்றியது. வழக்கு போடும் முன் பிரிவு 80இன் கீழ் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் காத்திருந்தவர், வென்ற பிறகும் காத்திருக்க வேண்டும். இ.பி. எனப்படும் நிறைவேற்று மனுவைப் போடுவதற்குள் தடையாணை வாங்க அரசு வழக்கறிஞருக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.

இரண்டாவதுதான் ஆணிவேர். தடையாணைக்காக அரசிடம் பிணை கேட்கக் கூடாது என்ற விதி முதலில் கட்டளை 41இன் 7ஆம் விதியாக இருந்தது. 1937இல் சட்டங்களைத் தழுவியமைத்த ஆணை அதை அங்கிருந்து நீக்கி, கட்டளை 27இல் 8-அ என்ற எண்ணில் வைத்தது. வழக்கை அரசே ஏற்று நடத்தினால், பதவியின் பேரில் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்காக வழக்குத் தொடரப்பட்ட அலுவலருக்கும் இதே விலக்கு உண்டு. அந்த அலுவலர் வரிசையில் சப் இன்ஸ்பெக்டரும் அடக்கம். எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது? மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது டிக்ரியை நிறைவேற்ற அனுமதி கிடைத்தால், பின்னால் தோற்றுப்போனால் திருப்பித் தருவதற்கு டிக்ரிதாரரிடம் பிணை கேட்கலாம் என்கிறது கட்டளை 41இன் விதி 6. ஆக, பிணை கேட்கப்படாதது அரசு. கேட்கப்படக்கூடியவர், சம்பாதித்தவரை லாக்கப்பில் இழந்த மனைவி. பணத்தைக் கொடுத்துவிட்டால் இவரிடமிருந்து எப்படி மீட்பது என்று அரசுத் தரப்பு வாதிடும்போது, காவல்துறை உண்டாக்கிய வறுமையே காவல்துறைக்குத் தடையாணை வாங்கித் தரும் காரணமாகிவிடுகிறது. மீட்பதற்குப் பிரிவு 144 இருக்கிறது. அதற்கும் மேலாக, அரசின் வரவு செலவுக் கணக்கில் சில லட்சம் ரூபாய் எந்த வகையில் ‘கணிசமான இழப்பு’ ஆகும் என்பதை யாராவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வட்டி. டிக்ரிக்குப் பிந்தைய காலத்துக்குப் பிரிவு 34 பொதுவாக அனுமதிப்பது ஆண்டுக்கு 6 விழுக்காடு வரைதான். சந்தையில் வாங்கும் கடனுக்கு மாநில அரசுகள் பல ஆண்டுகளாக அதைவிட அதிக வட்டி கொடுத்து வருகின்றன. இப்படியிருக்க, சீக்கிரம் கட்டிவிடலாம் என்ற எண்ணம் நிதித்துறைக்கு எங்கிருந்து வரும்?

1983இல் காற்று திசைமாறியது. விடுதலைத் தீர்ப்பு வந்த பின்னும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் கிடந்தவருக்கு, ரூதுல் ஷா வழக்கில், உச்ச நீதிமன்றம் ரூ.30,000 தரச் சொன்னது. 1985இல் சட்டமன்றத்துக்குப் போகவிடாமல் கைது செய்யப்பட்ட உறுப்பினர் பீம் சிங்குக்கு ரூ.50,000. 1990இல் டெல்லியில் போலீசார் அடித்ததில் இறந்த ஒன்பது வயதுச் சிறுவனின் தாய்க்கு ரூ.75,000. 1993இல் ஒடிசாவில் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்த 22 வயது இளைஞரின் தாய் நீலாபதி பெஹராவுக்கு ரூ.1,50,000. அடிப்படை உரிமை மீறலுக்கு இறையாண்மை விலக்கு பொருந்தாது என்பது இந்த நீலாபதி வழக்கில்தான் கொள்கையாக நிலைபெற்றது.

புத்தகங்கள் கொண்டாடும் இந்தத் தீர்ப்புகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. நான்கும் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 32இன் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்தில் வந்தவை. அதற்கு மேல் போக மேல்முறையீடு கிடையாது. இரண்டு வாரத்தில் கொடு, இரண்டு மாதத்தில் கொடு என்று நீதிபதிகள் கெடு வைக்க முடிந்தது அதனால்தான். மேல்முறையீடே இல்லாத வழக்குகளை வைத்து எழுதப்பட்ட வரலாற்றில் மேல்முறையீட்டுத் தாமதம் எப்படித் தென்படும்?

கீழிருந்து ஏறி வந்த வழக்கு ஒன்றைப் பார்த்தால் வேறு காட்சி தெரியும். ஆந்திரத்தின் கோயில்குண்ட்லா கிளைச் சிறையில் இருந்த தந்தையும் மகனும் தங்கள் உயிருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொன்னார்கள். காவல் பலப்படுத்தப்படவில்லை. 1977 மே மாத இரவொன்றில் சிறைக்குள் குண்டுகள் வீசப்பட்டன, தந்தை இறந்தார். ரூ.10 லட்சம் கேட்ட வழக்கைக் கீழ்நீதிமன்றம் தள்ளியது. உயர்நீதிமன்றம் ரூ.1,44,000ஐ 6 விழுக்காடு வட்டியோடு தரச் சொன்னது. அரசு விடவில்லை. சல்லா ராமகிருஷ்ண ரெட்டி வழக்கு என்ற பெயரில் அது 2000 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, கஸ்தூரிலால் தீர்ப்பு தன் முக்கியத்துவத்தை இழந்துவிட்டது என்று நீதிபதிகள் எழுதினார்கள். சட்டத்துக்கு அது பெரிய வெற்றி. வழக்காடியவருக்கோ சம்பவத்திலிருந்து 23 ஆண்டுகள் ஓடியிருந்தன.

நம்பி நாராயணன் வாழ்க்கையில் இரண்டு பாதைகளையும் சேர்த்தே பார்க்கலாம். நாகர்கோவிலைச் சேர்ந்த இந்த இஸ்ரோ விஞ்ஞானியை 1994 நவம்பரில் கேரளக் காவல்துறை உளவு வழக்கில் கைது செய்தது. 1996இல் சிபிஐ அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்றது. தேசிய மனித உரிமை ஆணையம் 2001இல் ரூ.10 லட்சம் இடைக்கால நிவாரணம் தரச் சொல்ல, கேரள உயர்நீதிமன்றம் அதைக் கொடுக்கும்படி உத்தரவிட்டது 2012இல்தான். உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 14 அன்று எட்டு வாரக் கெடுவோடு ரூ.50 லட்சம் விதித்தது. அக்டோபரிலேயே அந்தப் பணம் அவர் கைக்கு வந்துவிட்டது. பத்து லட்சத்துக்குப் பதினோரு ஆண்டு, ஐம்பது லட்சத்துக்கு ஒரு மாதத்துக்கும் குறைவு. கருவூலத்தில் பணமில்லை என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. மேலே போக இன்னொரு படி இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு.

உயர்நீதிமன்ற ரிட் வழக்குகளில் இந்தப் படிகள் கூடுதல். தனி நீதிபதி எட்டு வாரத்தில் தரச் சொல்வார். கெடு முடியும் தறுவாயிலோ முடிந்த பிறகோ, தாமதத்தை மன்னிக்கும் மனு, தடை கோரும் மனு சகிதம் ரிட் மேல்முறையீடு தாக்கலாகும். அதற்குள் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு போட்டால் மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்பார்கள். தடை மனு காத்திருக்கும்போது அதை முதலில் கேட்காமல் அவமதிப்பில் இறங்குவது சரியல்ல என்று 1995இல் மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நியாயமான காரணத்துக்காகத்தான். தடை மனுவுக்கு எண் கிடைக்காமலே கட்டு கிடந்தால், அந்த நியாயம் யாருக்கு உதவுகிறது என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் சிக்கல் இன்னொரு முடிச்சோடு வந்தது. மாநில மனித உரிமை ஆணையம் தொகையை அரசு கொடுக்கட்டும், பிறகு சம்பந்தப்பட்ட காவலரிடம் வசூலிக்கட்டும் என்று பரிந்துரைக்கும். அந்தக் காவலர் உயர்நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்குவார். அதைக் காட்டி அரசும் சும்மா இருக்கும். வெறும் பரிந்துரைதானே என்ற வாதமும் கூடவே வரும். சென்னை உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021 பிப்ரவரி 5 அன்று, பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், பிடிக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாமே தவிர கிடப்பில் போட முடியாது என்று தீர்த்துச் சொன்னது. எனினும் காவலரிடம் வசூலிப்பது பற்றிய சண்டையையும் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பதையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. முன்னது அரசுக்கும் அதன் ஊழியருக்கும் உள்ள கணக்கு. அது தீரும்வரை மூன்றாம் மனிதர் ஏன் காத்திருக்க வேண்டும்? 2023இல் வாச்சாத்தி வழக்கிலும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா ரூ.10 லட்சத்தை அரசு தர வேண்டும், அதில் பாதியைத் தண்டிக்கப்பட்டவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. சம்பவம் நடந்தது 1992இல். விசாரணை நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் மேல்முறையீடு மட்டும் தின்றது 12 ஆண்டுகள்.

மாற்று வழி நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 173, விபத்து இழப்பீட்டுக்கு எதிராக மேல்முறையீடு செய்பவர் ரூ.25,000 அல்லது விதித்த தொகையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதை முதலில் கட்டச் சொல்கிறது. நடைமுறையில் உயர்நீதிமன்றங்கள் அதற்கும் மேலே போய், கணிசமான பகுதியை டெபாசிட் செய்யவைத்து, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளக் குடும்பத்துக்கு அனுமதி தருகின்றன. வக்கீல் செக் பெட்டிஷன் போடுவார், வங்கிக் கணக்குக்குப் பணம் வரும், மேல்முறையீடு தன் வேகத்தில் நடக்கும். ஸ்டேஷன் ஜீப் சாலையில் ஒருவர் மேல் ஏறினால் இந்த ஏற்பாடு உண்டு. அதே ஆளை ஸ்டேஷனுக்குள் கொண்டுபோய் அடித்தால் கிடையாது.

1976 திருத்தம் இந்த இடைவெளியை மூடியிருக்கலாம். பண டிக்ரிக்கு எதிராக வருபவர் தொகையை டெபாசிட் செய்ய வேண்டும் அல்லது பிணை தர வேண்டும், தவறினால் தடையாணை இல்லை என்று கட்டளை 41இல் அது சேர்த்தது. எங்களுக்குத்தான் 8-அ இருக்கிறதே என்று அரசுகள் அந்த வாசலையும் தாண்டிவிட்டன. 2019 ஜூலையில் பாம் டெவலப்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு அணை போட்டது. 8-அ விலக்குவது பிணையை மட்டுமே, டெபாசிட் செய்யச் சொல்வதற்கு அது குறுக்கே நிற்காது, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துச் சலுகையை இன்றைய அரசு உரிமையாகக் கேட்க முடியாது என்பது அதன் சாரம். அது மேற்கு வங்க அரசுக்கும் ஓர் ஒப்பந்ததாரருக்கும் இடையிலான நடுவர் தீர்ப்பு வழக்கு. ஒப்பந்ததாரரின் பாக்கிக்காக வந்த அந்தத் தர்க்கத்தை லாக்கப் மரண மேல்முறையீட்டில் எடுத்து வைப்பதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. தடை மனு முதல்முறை விசாரணைக்கு வரும் நாளில், முழுத் தொகையை டெபாசிட் செய்யவும் பாதியைப் பிணையின்றி எடுக்க அனுமதிக்கவும் கோரி எதிர்மனு ஒன்று தயாராக இருந்தால் போதும்.