கம்பளிப்புழுவும் தீ மூட்டமும்

குன்றாண்டார்கோவில் என்றதும் பல்லவர் காலக் குடைவரைக் கோயில்தான் நினைவுக்கு வரும். சுற்றுவட்டாரத்து மானாவாரிக் கடலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் பழைய எதிரி சிவப்புக் கம்பளிப்புழு.

நல்ல மழை பெய்ததும் மண்ணுக்குள் கிடந்த கூட்டுப்புழுக்கள் அந்துப்பூச்சிகளாக வெளிவரும். இரவில் வயலோரம் தீ மூட்டினால் வந்து விழும். தப்பியவை இட்ட முட்டைக் குவியல்களைக் கையால் பொறுக்குவார்கள். புழு கூட்டமாக நகர ஆரம்பித்தால் வரப்போரம் பள்ளம் வெட்டுவார்கள். இதையெல்லாம் ஒருவர் மட்டும் செய்து பயனில்லை, பக்கத்து வயல் புழு வந்துவிடும்!

பிறகு பி.எச்.சி. தூள் வந்தது. தனியாளே தூவிவிடலாம், ஊர் கூடத் தேவையில்லை. ஆனால் அந்த விஷம் மண்ணிலும் பாலிலும் தங்கியது. 1997-இல் இந்தியா அதைத் தடை செய்தது.

இன்று வேளாண் துறை சொல்வது விளக்குப்பொறி, கோடை உழவு, காட்டாமணக்குத் தழை. அதற்கு மறுபடியும் ஊர் கூட வேண்டும். ஆள் கிடைப்பதுதான் இப்போது பெரும்பாடு.