வாகைக்குளத்திலிருந்து கொழும்புக்கு

தூத்துக்குடியிலிருந்து நேர்கோடு போட்டால் சென்னை ஏறத்தாழ 540 கி.மீ. கொழும்பு அதில் பாதியை விடச் சற்றுத்தான் கூடுதல். இந்தக் கணக்கு நம் முன்னோர்க்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1876-இல் ரயில் இவ்வூரைத் தொட்டபின், சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் இங்கே வந்துதான் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளையர் கம்பெனியோடு மல்லுக்கு நின்றதும் இந்தக் கொழும்புத் தடத்துக்காகத்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வந்த பிறகே போக்குவரத்து அங்கே மாறியது.

பழைய துறைமுகத்துக்கு ஒரு குறை உண்டு. ஆழம் போதாது. கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும்; மூட்டைகளைத் தோணிகளில்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தோணிக்காரர்களுக்கு அது பிழைப்பு, வணிகர்களுக்குத் தலைவலி. கடலுக்குள் ஏறத்தாழ 4 கி.மீ. நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுடன் அமைந்த புதிய துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகம் ஆனபோதுதான் பெரிய கப்பல்கள் தளத்தையே அணைந்து நின்றன.

வாகைக்குளம் விமான நிலையத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே ஆழம், இங்கே நீளம். திருநெல்வேலி சாலையில், உடைமுள் காடுகளுக்கு நடுவே 1990களின் தொடக்கத்தில் அமைந்த நிலையத்தின் ஓடுதளம் 1,350 மீட்டர். அகலம் 30 மீட்டர். விசிறி வைத்த சிறு விமானங்கள் மட்டுமே இறங்க முடிந்தது. வாயுதூத் விமான நிறுவனம் வந்தது, போனது. இடையில் சேவையே இல்லாத காலம். 2006-இல் ஏர் டெக்கான் மீண்டும் உயிர் கொடுத்தது. பிறகு கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ.

பழைய முனையத்தில் வழி தவறவே முடிந்ததில்லை. வாசலைத் தாண்டினால் கவுண்டர், அடுத்து சோதனை, அதற்கடுத்து வெயில். விமானம் வரை நடைதான். எழுபத்துச் சொச்சம் இருக்கைகள். மேல்தட்டில் பைகளுக்கு இடுக்கில் மக்ரூன் இனிப்புப் பெட்டிகள். முனை நொறுங்காமல் சென்னை போய்ச் சேர வேண்டுமே என்று அதை மடியிலேயே வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. கடல்பக்கமிருந்து இறங்கும்போது உப்பளப் பாத்திகளும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் சன்னலுக்கு வெகு அருகில் தெரியும்.

2025 ஜூலை 26-ஆம் நாள் புதிய முனையம் திறக்கப்பட்டது. பனிமய மாதா கோயில் கொடியேறும் நாளும் அதுவே என்பதை ஊர்க்காரர்கள் சொல்லாமல் விடுவதில்லை. சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவு. 17,340 சதுர மீட்டர் பரப்பு. ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைத் தாங்கும். ஓடுதளத்துக்கு 3,115 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் திட்டமிட்டார்கள். ஏ-321 வகை விமானங்கள் ஐந்து நிற்க இடம், கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்பு நிலையம் ஆகியவையும் திட்டத்தில் உண்டு. கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு, தண்ணீர்க் கஷ்டம் அறிந்த இந்த மாவட்டத்துக்குப் பொருத்தமானது. முகப்பை மட்டும் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் அமைத்தார்கள். அழகுதான், ஆனால் முத்துக்குளித்த கரைக்குக் காரைக்குடியின் சாயல் எதற்கு?

இவ்வளவும் இருந்தால் பன்னாட்டு விமான நிலையம் ஆகிவிடுமா? ஆகாது. அதற்கு வேண்டியது சுங்கமும் குடியகல்வுச் சோதனையும். யாழ்ப்பாணத்துப் பலாலியைப் பாருங்கள். ஓடுதளம் குட்டையானதுதான். ஆனாலும் 2019-இல் பன்னாட்டு நிலையமாகி, சென்னையிலிருந்து போன சிறு விமானத்தை வரவேற்றது. வாகைக்குளத்தைத் தடுத்தது நீளம் மட்டும் அல்ல, கேட்க ஆளில்லாமையும்தான் என்பது என் கருத்து.

2011-இல் கொழும்புக்குத் தொடங்கிய பயணிகள் கப்பல் அந்த ஆண்டே நின்றுபோனது. நம் கன்டெய்னர்கள் கொழும்பு போய்த் தாய்க்கப்பல் ஏறுகின்றன. அவற்றை அனுப்பும் வணிகர் மதுரைக்கோ சென்னைக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. வணிகர் சங்கங்களும் துறைமுக நிர்வாகமும் ஒன்றாகச் சேர்ந்து சுங்க, குடியகல்வு வசதிகளைக் கேட்டு வாங்க வேண்டும். இங்கிருந்து புறப்படும் முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்குப் போகட்டும்.