பந்தல்குடிச் சாலையில் நின்றுபோன வண்டிகள்

மதுரையினின்றும் தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலை அருப்புக்கோட்டையைக் கடந்து எட்டயபுரத்தை நோக்கி இறங்கும் வழியில், பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் வானத்தை நம்பி விளைகின்ற கரிசல் பூமியின் நடுவே, பூமிக்கடியில் சுண்ணாம்புக் கல்லையும் பூமிக்கு மேலே புழுதியையும் உடையதாய்ப் பந்தல்குடி என்னும் ஊர் அமைந்திருக்கிறது. இதற்கு வடகிழக்கே, ரமண மகரிஷி 1879-ல் அவதரித்த திருச்சுழி வரையில், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாற்றையும், ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் கண்மாய்களையும், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களையும் காணலாம். இத்தகைய பிரதேசத்தில் மோட்டார் சைக்கிள் என்பது உல்லாசத்துக்கு வந்த பொருளன்று. பஸ் வராத ஊரைப் பஸ் நிற்கும் ஊரோடு சேர்த்து வைத்த சாதனம். அது நடுவழியில் நின்றுவிட்டால் மனிதனும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆகவே, நின்ற வண்டியை மறுபடி உயிர்ப்பிக்கும் வித்தை இந்தப் பக்கத்துச் சாலையோரப் பட்டறைகளில் எவ்வாறு வேரூன்றி, எவ்வாறு மாறியது என்பது, ஏட்டில் ஏறாத சரித்திரமாயினும், எழுதத் தக்க சரித்திரமே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியின் விவகாரம் பெரும்பாலும் நெருப்பின் விவகாரம். ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் 1885-ல் மரச்சட்டத்தில் இயந்திரம் பூட்டி ஓடவிட்ட முதல் வண்டியில் மின்பொறி இல்லை; பழுக்கக் காய்ச்சிய ஒரு குழாயே சிலிண்டருக்குள் இருந்த வாயுவைப் பற்ற வைத்தது. 1902-ல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் பணியாற்றிய காட்லோப் ஹொனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அமைத்துக் கொடுத்த பிறகுதான், வேண்டிய கணத்தில் வேண்டிய இடத்தில் பொறி விழச் செய்வது நிச்சயமான காரியமாயிற்று. அடுத்த பத்தாண்டுக்குள் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங், பாட்டரியும் காயிலும் பாயிண்டும் சேர்ந்த ஏற்பாட்டை மோட்டார் கார்களில் நிலைநாட்டினார். நம் மெக்கானிக்குகள் இரண்டு தலைமுறைக் காலம் ‘பாயிண்ட்’ என்றும் ‘பிளாட்டினம்’ என்றும் சொல்லிக் கையாண்ட அந்தச் சிறு உலோகத் துண்டுகளின் பூர்விகம் இதுவே.

நம் நாட்டில் இதற்கு அடித்தளம் இட்டது சென்னை. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவை உண்டாக்க, திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து 350 சி.சி. புல்லட் வெளிவரத் தொடங்கியது. இராணுவமும் போலீசும் முதலில் ஏறிய அந்த வண்டி, பின்னர் வசதியுள்ள குடியானவர் வீடுகளுக்கும் வந்தது. அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு சாஸ்திரம். சாவியைத் திருப்பி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டரின் முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தைக் கண்டு, அதற்குச் சற்று அப்பால் பிஸ்டனைத் தள்ளி, லீவரை விட்டுவிட்டுக் கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகே முழு பலத்தோடு உதைக்க வேண்டும். அவசரப்பட்டு உதைத்தவரைக் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். இங்கே ஒரு விஷயம் என் மனத்தை மிகவும் கவர்கிறது: கிணற்றடியில் ஆயில் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிப் பழகிய கரிசல் விவசாயிக்கு இந்த லீவர் புதியதன்று. அங்கும் லீவரைத் தூக்கி அழுத்தத்தை வெளியேற்றி, சக்கரம் வேகம் பிடித்தபின் அதை இறக்குவதே முறை. கம்ப்ரஷன் என்பது என்ன என்று புத்தகம் சொல்லித் தருவதற்கு முன்பே அவன் கை அதை அறிந்திருந்தது.

பட்டறையில் நிகழும் சோதனைக்கு ஒரு கிரமம் உண்டு. கையில் ஸ்பேனரை எடுக்குமுன் நல்ல மெக்கானிக் கேட்கும் கேள்வி இது: “எப்படிண்ணே நின்னுச்சு? திணறித் திணறி நின்னுச்சா, பட்டுன்னு நின்னுச்சா?” இந்த ஒரு வினாவில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. திணறி நின்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பட்டென்று நின்றால் கரண்ட் போய்விட்டது. எப்போதும் தவறாத விதி அன்றெனினும், பத்தில் எட்டு வண்டிக்குப் பொருந்தும் விதி என்பது பட்டறைக்காரரின் அனுபவம்.

முதலில் டேங்கைத் திறந்து ஆட்டிப் பார்ப்பார். பெட்ரோல் டேப் ரிசர்வுக்குத் திரும்பியிருக்கிறதா என்று நோக்குவார். பிறகு பிளக்கைக் கழற்றுவார். பலமுறை உதைத்த பின்னும் பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. குழாயையும் கார்புரேட்டரின் கிண்ணத்தையும் ஜெட்டையும் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பொறிதான் விழவில்லை, அல்லது சோக்கை அளவுக்கு மீறி இழுத்து உள்ளே நிரப்பிவிட்டார்கள். பிளக்கை அதன் கேப்பில் செருகி, ஹெட்டின் மீது சாய்த்து வைத்துக் கிக்கரை உதைத்தால், நீலமாகத் தெறிக்கும் பொறி பலமுடையது. சிவந்து மெலிந்தால் காயிலிலோ கன்டென்சரிலோ பாயிண்டிலோ கோளாறு. பெட்ரோலும் கரண்டும் சரியாயிருந்தால், பிளக் துவாரத்தைக் கட்டை விரலால் மூடி உதைக்கச் சொல்வார். விரலைத் தள்ளிவிட்டுக் காற்று சீறாவிட்டால் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். பிளக்கின் நிறம் இன்னும் பல சங்கதிகளைச் சொல்லும்: செங்கல் பழுப்பு ஆரோக்கியம், கரி படிந்த கறுப்பு பெட்ரோல் மிகுதி, வெளுப்பு பெட்ரோல் குறைவு. ஒன்றை விலக்கி மற்றொன்றுக்குச் செல்லும் இந்த ஒழுங்கை, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன்களாய்ச் சேர்ந்தவர்கள் பார்த்துப் பார்த்தே கற்றார்கள். தர்க்கம் என்ற சொல்லை அறியாமலே தர்க்கத்தைப் பயின்றவர்கள் என்று அவர்களைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பாயிண்ட் இந்தத் தொழிலின் உயிர்நிலையாய் இருந்தது. சென்னைப் பாடியில் 1961-ல் தோன்றிய லூகாஸ்-டி.வி.எஸ். போன்ற தொழிற்சாலைகளும், பிளக்குக்குப் பெயர்பெற்ற பெங்களூர் மைக்கோவும் உதிரி பாகங்களை ஊர்தோறும் கொண்டுவந்து சேர்த்தன என்றாலும், கருகிய பாயிண்டைத் தேய்த்துச் சரிசெய்வது கைவேலையாகவே நீடித்தது. இரண்டு முகங்களுக்கும் இடையே சுமார் 0.4 மில்லி மீட்டர் திறப்பு வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாதவர் மடித்த அட்டையைச் செருகிக் கண்ணால் அளந்தார். உப்புத்தாள் அகப்படாத இடத்தில் தீப்பெட்டியின் உரசும் பக்கமே உப்புத்தாளாயிற்று. 1920-களில் சிவகாசி நாடார்கள் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் கூப்பிடு தூரத்தில் செழித்த இந்தச் சீமையில் அதற்குப் பஞ்சம் ஏது? தேய்த்த மறுவாரமே பாயிண்ட் மறுபடி கருகினால், குற்றம் பாயிண்டினுடையதன்று, கன்டென்சருடையது என்று உணர்ந்தவரே தேர்ந்த தொழிலாளி.

புல்லட்டின் பின் 1960-களில் மைசூரிலிருந்து ஜாவாவும், பிறகு அதே தொழிற்சாலையிலிருந்து எஸ்டியும், வடக்கேயிருந்து ராஜ்தூத்தும் வந்தன. இவை பெட்ரோலில் எண்ணெய் கலந்து குடிக்கும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். எண்ணெய்க் கரி பிளக்கின் இரு முனைகளையும் இணைத்துப் பொறியைத் தடுக்கும், சைலன்ஸரை அடைக்கும். சைலன்ஸரைக் கழற்றி நெருப்பிலிட்டுக் கரியைச் சுட்டு எடுப்பது அக்காலத்துப் பட்டறைகளில் சாதாரணக் காட்சி. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 இந்தப் பிரதேசத்துக்கென்றே செய்தாற்போல் அமைந்தது. இயந்திரம் முரண்டு பிடித்தாலும் பெடலை மிதித்து வீடு சேரலாம்.

ஊரின் மண்ணுக்கென்றும் சில நோய்கள் உண்டு. கோடையில் பொடியாய்ப் பறக்கும் கரிசல் புழுதி ஏர் ஃபில்டரை அடைப்பதோடு நில்லாமல், டேங்க் மூடியிலுள்ள ஊசித் துவாரத்தையும் மூடிவிடக்கூடும். காற்று உள்ளே புகாததால் பெட்ரோல் இறங்காது. சிறிது தூரம் ஓடி நின்று, மூடியைத் திறந்து மூடியதும் மறுபடி ஓடும் வண்டி அநேகரைத் திகைக்க வைத்திருக்கிறது. மழைக்காலத்திலோ அதே கரிசல் களியாகி மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே இறுகிச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும்; பிளக் கேப்பில் ஈரம் இறங்கிப் பொறி வெளியே கசிந்துவிடும்.

பாயிண்டின் ராஜ்யம் என்றென்றும் நீடிக்கவில்லை. 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவில் ஹீரோ ஹோண்டா, யமஹா முதலிய 100 சி.சி. வண்டிகள் வந்து சேர்ந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில், தேய்வதும் கருகுவதும் இல்லாத சி.டி.ஐ. என்னும் மின்னணுப் பெட்டி பாயிண்டின் இடத்தைப் பிடித்தது. அந்தப் பெட்டி கெட்டால் தேய்ப்பதற்கு ஒன்றுமில்லை; வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே சோதனையாயிற்று. 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தபோது கார்புரேட்டரும் புது மோட்டார் சைக்கிள்களிலிருந்து ஏறக்குறைய விடைபெற்றது. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ‘இஞ்செக்ஷன்’ வேலையைக் கணினியும் பம்பும் ஏற்றன. கோளாறு என்றால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. அதன் பொருளை அறிய ஸ்கேனர் வேண்டும். புகை குறைந்ததும் மைலேஜ் கூடியதும் மெய்யான நன்மைகள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் பிளக்கின் நிறத்தையும் பொறியின் நீலத்தையும் கொண்டு காரணம் காணும் கலையைக் கற்க வரும் பையன்கள் குறைந்துபோனதை ஒரு பெரிய நஷ்டமாகவே கருதுகிறேன்.

புதிய வண்டிகளுக்குப் புதிய காரணங்கள் சேர்ந்துள்ளன. கை தவறித் தட்டப்பட்ட கில் ஸ்விட்ச், மடக்க மறந்த சைடு ஸ்டாண்ட், எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் சேர்த்த நீர் ஆகியவற்றை இப்போது முதலில் பார்க்கிறார்கள். பல வண்டிகளில் கிக்கரே இல்லை. பழைய மேக்னட் வண்டியைப் பாட்டரி செத்த பின்னும் கியரில் போட்டுத் தள்ளி ஓடவிடலாம். இஞ்செக்ஷன் வண்டியில் பம்பும் கணினியும் விழித்தெழுமளவுக்குப் பாட்டரியில் சக்தி மிஞ்சியிருந்தால்தான் தள்ளுவதும் பயன் தரும். ஆதலால், பந்தல்குடிப் பக்கத்து மெக்கானிக் இன்று நின்ற வண்டியிடம் செல்லும்போது, ஸ்பேனரோடு ஒரு மல்டி மீட்டரையும் எடுத்துச் சென்று, பெட்ரோலைப் பார்ப்பதற்கு முன்பே பாட்டரியின் வோல்ட்டை அளந்துவிடுகிறார்.