யாழ் இல்லாத யாழ்ப்பாணம்

எங்கட ஊருக்குப் பெயர் தந்த வாத்தியத்தை எங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறம்? கண் தெரியாத பாணன் ஒருவன் யாழ் வாசித்து, இந்த மணல் நிலத்தைப் பரிசாக வாங்கின கதை மட்டும் சின்ன வயசிலயே தெரியும்.

யாழ் வேற, வீணை வேற. வீணையில் ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டில் அழுத்திப் பல சுரம் எடுக்கலாம். வில்போல வளைந்த யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்கு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று கணக்குச் சொல்கிறார். ஆனால் அதை வாசித்த கை எங்கயோ அறுந்து போச்சு.

அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனவர் விபுலானந்த அடிகள். காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராகவும் இருந்தவர். பல வருச உழைப்பில் வந்த அவரின் 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். அலகுகளைக் கணக்குப் போட்டுப் பழைய பண்களைத் தேடினார். விரல் எப்படி ஓடினது என்பதைச் சொல்ல ஏடும் இல்லை, ஆளும் இல்லை.

சீனாவைப் பாருங்கோ. ஏழு நரம்புள்ள குச்சின் இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது. எந்த விரல், எந்த நரம்பு, எந்த இடம் என்று எழுதி வைத்த 7ஆம் நூற்றாண்டு ஏட்டுப் பிரதி ஒன்று இப்பவும் ஜப்பானில் இருக்கிறது. அதோட, குரு சீடனுக்குச் சொல்லிக்குடுக்கிறதும் நிற்கேல்ல. ஆனால் அங்கேயும், யாழுக்குக் கிட்டத்தட்டச் சொந்தமான கொங்ஹோ என்ற வாத்தியம் மிங் காலத்தோட மறைந்தது. 20ஆம் நூற்றாண்டில் அதைத் திரும்பச் செய்தார்கள். உருவம் வந்தது, பழைய வாசிப்பு வரேல்ல. சென்னையில் தருண் சேகர் இப்ப யாழைத் திரும்பச் செய்கிறார். எங்களுக்குச் சந்தோசம்தான். அவருக்கும் சொல்லிக்குடுக்க ஒரு பாணன் இல்லை.

எங்களிட்ட அறாமல் இருக்கிற கை தவில். அளவெட்டித் தட்சிணாமூர்த்தி 1975 இல் மறைந்தார்; அவருக்குப் பிறகும் திருவிழாக்களில் தவில் முழங்குகிறது. அதைப் பெரும்பாலும் ஒரு சில குடும்பங்கள்தான் காப்பாற்றுகின்றன. நாங்கள் சாமி வீதி சுற்றி முடியுமட்டும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறம்.

வாற திருவிழாவுக்கு மேளக்காரருக்குப் பக்கத்தில் போய் நிற்பம். எப்படிப் பழகினீங்கள் என்று கேட்பம். அவை சொல்லுறதை எழுதி வைப்பம், பழக ஆசையுள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவம். யாழுக்கு அப்படிக் கேட்டு வைக்க ஆளில்லாமல் போச்சு.